சிறுவர்க்கு வரலாறு கூறுதல்: நேரு, கொம்பிறிச் நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

சிறுவர் இலக்கியம் பற்றித் தமிழில் எழுந்துள்ள விமரிசனங்கள் பெரும்பாலும் பாட்டையும் கதையையுமே தம் எல்லையாகக் கொண்டுள்ளன. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையொன்று, "முந்தி இங்கே யார் இருந்தவை?" என்று கேட்குமிடத்து அதன் கையிற் கொடுப்பதற்குரிய நூல் எது என்னும் வினா, இலக்கிய விமரிசனத்துக்குரிய வினாவாக அரிதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. பெற்றோரும் ஆசிரியரும் எப்படியாவது தீர்த்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பிரச்சினையாக அது ஒதுக்கப்பட, பாடநூலோ அரசர் கதைத் தொகுப்போ அதற்கு விடையாக அமைந்துவிடுகின்றது. பாடநூலிற் பிள்ளைக்கு ஆர்வம் பிறப்பதில்லை. அரசர் கதையில் ஆர்வம் பிறக்கின்றது. ஆயின் அது வரலாற்றின்மீது பிறந்த ஆர்வந்தானா என்பது ஐயத்துக்குரியது.

சிறுவர் வரலாற்று நூலுக்குச் சுவையே முதன்மைத் தேவை என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஆங்கில மரபு போதிய சான்றுகளைத் தருகின்றது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1851 முதல் 1853 வரை தமது வார இதழிலே தொடராக வெளியிட்ட 'சிறுவர்க்கான இங்கிலாந்து வரலாறு' சுவையிற் குறைந்ததன்று. அரசர்கள் அங்கு நாடக மேடைப் பாத்திரங்களாக வந்து போகின்றனர். எட்டாம் ஹென்றியை அவர் வைது தீர்க்கும் பகுதிகளைப் பெரியோரும் சிரித்துக்கொண்டே படிப்பர். எனினும், இவ்வரசன் நல்லவன், அவ்வரசன் கெட்டவன் என்னும் தீர்ப்பு அந்நூலிற் சாட்சிகளை விசாரிப்பதற்கு முன்னரே வழங்கப்பட்டுவிடுகின்றது. ஆசிரியரோடு சேர்ந்து கைதட்டுவதும் கூச்சலிடுவதுமே பிள்ளைக்கு எஞ்சும் வேலை. 1905இல் வெளிவந்த எச். ஈ. மார்ஷல் அம்மையாரின் 'நமது தீவின் கதை' இன்னொரு வகையானது. கடற்றெய்வத்தின் மகனாகிய அல்பியனிலிருந்து அது தொடங்குகின்றது. இவற்றுட் சில வரலாறல்ல, கட்டுக்கதைகளே என அறிஞர் கூறுவர் என்பதை ஆசிரியை முன்னுரையில் ஒப்புக்கொள்கின்றார். ஆனால் முன்னுரையைப் படிக்கும் பிள்ளை எங்கே உண்டு? நூலினுள்ளே தெய்வத்தின் மகனும் அல்பிரட் மன்னனும் ஒரே குரலிற் பேசப்படுகின்றனர்; எங்கே கதை முடிகின்றது, எங்கே வரலாறு தொடங்குகின்றது என்பதைக் காட்டும் எல்லைக்கல் எதுவும் நாட்டப்படவில்லை.

இலங்கை வாசகர்க்கு இந்நிலை புதியதன்று. சிங்கத்தின் வழிவந்த இளவரசன் ஒருவன் எழுநூறு தோழரோடு கரையிறங்கியதாக மகாவம்சம் கூறும் கதையை, இந்நாட்டின் வரலாற்றுக்கு முதற்பக்கமாகவே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்து வந்துள்ளனர். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் வரலாற்றைச் சமூகக்கல்வி என்னும் பாடத்தினுட் கரைத்தது. பல ஆண்டுகளின் பின்னரே அது மீண்டும் தனிப்பாடமாயிற்று. பாடத்தின் பெயர் மாறிய காலங்களிலும் கதை சொல்லும் முறை மாறவில்லை. எனவே, பிள்ளைக்குரிய வரலாற்று நூலின் தகுதியை அளக்கச் சுவை மட்டும் போதாது. இது எவ்வாறு அறியப்பட்டது என்னும் கேள்விக்கு நூல் இடந்தருகின்றதா என்பதே முதன்மையான அளவுகோலாக வேண்டும். அவ்வளவுகோலுக்கு நின்று பிடிக்கும் நூல்கள் மிகச் சிலவே. அவற்றுள் இரண்டு, ஏறத்தாழ ஒரே காலத்தில், வரலாற்றைத் தொழிலாகக் கொள்ளாத இருவரால் எழுதப்பட்டவை. ஒன்று ஜவகர்லால் நேருவுடையது; மற்றையது ஏர்ணஸ்ற் கொம்பிறிச்சினுடையது. இரண்டுக்கும் மூலம் ஒரு சிறுமிக்கு எழுதிய கடிதங்களே என்பது தற்செயலான ஒற்றுமையன்று.

நேருவின் 'தந்தை மகளுக்கு எழுதிய கடிதங்கள்' 1928ஆம் ஆண்டுக் கோடையில் எழுதப்பட்டவை. பத்து வயதினளான இந்திரா மலைவாசத்தலமான முசூரியில் இருந்தாள். தந்தை கீழே அலகபாத்தில் இருந்தார். 1929இல் அவை நூலாயின. பின்னர்ச் சிறையிலிருந்து எழுதப்பட்டு 1934இல் வெளியான பெருநூல், ஓ. வி. அளகேசனின் 'உலக சரித்திரம்' என்னும் மொழிபெயர்ப்பு வாயிலாகத் தமிழ் வாசகரிடையே பெற்ற புகழை இச்சிறுநூல் பெற்றதில்லை. ஆயினும், சிறு பிள்ளைக்குப் பொருந்துவது எது என நோக்குமிடத்துச் சிறிய நூலே பெரியதினும் மேம்பட்டதெனத் துணிந்து கூறலாம். பெருநூல் பதின்மூன்று வயது மகளை நோக்கித் தொடங்கிப் போகப்போக அவளை மறந்து, தனிமையில் இருக்கும் ஓர் அரசியலறிஞர் தம்மோடு தாமே நடத்தும் உரையாடலாக மாறிவிடுகின்றது. சிறுநூலில் எதிரே ஒரு பிள்ளை இருப்பது ஒரு கணமும் மறக்கப்படவில்லை.

அதன் முதற் கடிதம் தனியே விதந்து கூறத்தக்கது. உலகின் பழங்கதையை எழுதி வைக்க அன்று மனிதரே இல்லை. அவ்வாறாயின் அக்கதையை எங்கே படிப்பது? மலையும் பாறையுமே அதன் பக்கங்கள் என்கிறார் நேரு. இவ்வளவோடு நின்றிருந்தால் அது ஓர் அழகிய உவமையாக மட்டுமே முடிந்திருக்கும். அவரோ ஆற்றங்கரைக் கூழாங்கல் ஒன்றைப் பிள்ளையின் கையில் எடுத்துக் கொடுக்கின்றார். கல் ஏன் உருண்டையாக இருக்கின்றது, விளிம்புகள் எங்கே போயின என்று கேட்கின்றார். பாறையிலிருந்து உடைந்தபோது கூரிய முனைகளோடு இருந்த கல், மழையில் உருண்டு, ஓடையில் இழுபட்டு, ஆற்றின் அடியிலே தேய்ந்து வந்த வழியை அதன் மேனியிலேயே வாசித்துக் காட்டுகின்றார். இன்னும் சிறிது தூரம் ஆறு கொண்டுபோயிருப்பின் அது மணலாகியிருக்கும். வரலாற்றாராய்ச்சியின் முறையியல் முழுவதும், சான்று, அனுமானம், காலவரிசை ஆகிய எல்லாமே, ஒரு கூழாங்கல்லில் அடங்கிவிடுகின்றன. ஆனால் அச்சொற்களில் ஒன்றுகூட அங்கு இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அவை தேவையுமில்லை. அடுத்த முறை ஆற்றங்கரைக்குப் போகும்போது அது குனிந்து ஒரு கல்லை எடுக்கும். ஒரு நூல் அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

அக்கடிதத்திலேயே வேறொரு செய்தியும் உண்டு. இந்தியாவின் கதையையோ இங்கிலாந்தின் கதையையோ மட்டும் படிப்பது போதாது. இங்கிலாந்து ஒரு சிறு தீவு, இந்தியாவும் பெரிய நாடாயினும் பூமியின் ஒரு சிறு பகுதியே என்பதை மகளுக்கு அவர் நினைவூட்டுகின்றார். அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்ற ஒரு தேசியவாதி தம் மகளுக்குக் கூறும் முதல் வரலாற்றுப் பாடம் தேசத்தின் பெருமை பற்றியதாக இல்லாமை மனங்கொள்ளத்தக்கது.

இதனால் நூல் முழுவதும் ஒரே தரத்தது என்று கூறிவிட முடியாது. பூமியும் உயிர்களும் பற்றிய கடிதங்களில் இருந்த கூர்மை, குலத்தலைவன், அரசன், மதம் ஆகியவற்றின் தோற்றம் பற்றிய கடிதங்களிற் குன்றிவிடுகின்றது. கையிற் காட்டுவதற்குக் கல் இல்லாதவிடத்து, அக்கால மானிடவியலின் பொதுமைக் கூற்றுக்களே அதன் இடத்தை நிரப்புகின்றன. ஆரியர், திராவிடர் பற்றிய பகுதிகள் இன்று அப்படியே ஒப்புக்கொள்ளத்தக்கன அல்ல. இனம், மொழி, உடற்றோற்றம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டும் அன்றைய வழக்கம் அவற்றிற் படிந்துள்ளது. இராமாயணத்தை ஆரியர் தெற்கு நோக்கிப் பரவிய செய்தியின் சாயலாகக் காணும் கருத்தும் அவ்வழக்கத்தின் பாற்பட்டதே. தென்னாட்டிலோ இலங்கையிலோ இருந்து அப்பகுதியைப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு அது சாதாரணச் செய்தியாக இராது. எனினும் நேரு அதனை முடிந்த முடிபாகக் கூறவில்லை. 'இருக்கலாம்' என்னும் தொனி அவருடைய கூற்றுக்களிற் பரவலாகக் காணப்படுகின்றது. பெரியோர் பிள்ளைகளோடு பேசும்போது மிக எளிதிற் கைவிடும் சொல் அதுவே. நிச்சயமின்மை பிள்ளையைக் குழப்பும் என்பது அவர்கள் கூறும் சமாதானம். நேருவின் கடிதங்கள் அச்சமாதானத்துக்கு மறுப்பாக நிற்கின்றன.

கொம்பிறிச்சின் நூல் பிறந்த கதை வேறு. 1935இல் அவர் வியன்னாவில் வேலையற்றிருந்த இருபத்தாறு வயதுக் கலாநிதி. கலைவரலாற்றாசிரியர் என்னும் பெரும்புகழ் பின்னர் வந்தது. ஆங்கிலத்திலிருந்த சிறுவர் வரலாற்று நூலொன்றை மொழிபெயர்க்குமாறு பதிப்பாளர் ஒருவர் கேட்க, அது மொழிபெயர்க்கத் தக்கதன்று, அதிலும் சிறந்த நூலைத் தாமே எழுத முடியும் என்றார். ஆறு வாரத் தவணை கிடைத்தது. நாளுக்கோர் அத்தியாயமாக எழுதினார். தமது ஆய்வு எதைப் பற்றியது என அறிய விரும்பிய நண்பர் வீட்டுச் சிறுமிக்கு முன்னர் எழுதிய கடிதங்களே இம்முயற்சிக்குப் பயிற்சியாக அமைந்தன. எழுதியவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில், பின்னாளில் தம் மனைவியான பெண்ணுக்கு வாசித்துக் காட்டுவார். நூலின் ஒவ்வொரு வாக்கியமும் வாய்விட்டுப் படித்தற்கு ஏற்றதாக அமைந்திருப்பதன் காரணம் இதுவாகலாம்.

'முன்னொரு காலத்திலே' என்பது அதன் முதல் அத்தியாயம். மரபான கதைத் தொடக்கம். ஆயின் அத்தொடரையே அவர் ஆராய்ச்சிப் பொருளாக்கிவிடுகின்றார். பிள்ளைக்கு முன் தந்தை, தந்தைக்கு முன் பாட்டன், பாட்டனுக்கு முன் அவன் பாட்டன் எனப் பின்னோக்கிச் செல்லச் செல்ல, ஒவ்வொரு 'முன்னொரு கால'த்துக்கும் பின்னால் இன்னொன்று நிற்கின்றது. அடியற்ற கிணறொன்றிற் கொளுத்திய கடதாசித் துண்டைப் போடுவதுபோல நினைவை உள்ளே விடவேண்டும். விழ விழ அது சுவர்களைக் காட்டும். பின்பு ஒரு பொறியாகும். பின்பு தெரியாமற் போகும். கிணற்றடியில் வளர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளைக்கு இப்படிமத்தை விளக்க வேண்டியதில்லை. வரலாறு ஒளி படும் இடத்தை மட்டுமே காட்டும், அதற்குக் கீழேயும் கிணறு உண்டு என்பது ஒரு வார்த்தை உபதேசமுமின்றிப் பிள்ளைக்குப் புலனாகின்றது. மார்ஷல் அம்மையார் நாட்டத் தவறிய எல்லைக்கல் இதுவே.

உலக வரலாறு என்னும் பெயருக்கு அந்நூல் முற்றிலும் உரியதன்று. புத்தருக்கும் சீன ஞானிகளுக்கும் நபிகளுக்கும் அதில் இடமுண்டு. எனினும் கதையின் நடுநாடி ஐரோப்பாவினுடையதே. எகிப்தையும் காத்தேஜையும் நீக்கினால் ஆபிரிக்கா ஏறத்தாழ இல்லை. 1935இல் வியன்னாவிலிருந்து பார்த்தவருக்கு உலகம் அவ்வாறே தெரிந்தது என்பது விளக்கமாகலாம், நியாயமாகாது. இக்குறை வெளிப்படையானதாகையால் அதைப்பற்றி மேலும் விரித்தல் வேண்டா. இதனினும் நுட்பமான பிரச்சினை ஒன்று, ஸ்பானியர் மெக்சிக்கோவைக் கைப்பற்றிய பகுதியில் எழுகின்றது. கோட்டேயின் படையெடுப்பைக் கூறிவந்த கொம்பிறிச், அங்கும் பிறவிடங்களிலும் பழைய நாகரிக மக்கள் அழிக்கப்பட்டதைச் சொல்லி, ஐரோப்பியருக்கு மிகவும் வெட்கக்கேடான இதைப்பற்றி மேற்கொண்டு பேச விரும்பவில்லை என நிறுத்திவிடுகின்றார்.

இம்மௌனத்தை எவ்வாறு மதிப்பிடுவது? கொடுமையின் விபரங்களைச் சிறு பிள்ளைக்கு அடுக்கிச் சொல்லாமை கருணையே எனலாம். நடந்ததை மறைக்கவில்லை, கொடுமை எனப் பெயரிட்டுக் கூறியுள்ளார், 'நாம்' செய்தது எனத் தம்மையும் அதனுட் சேர்த்துக்கொண்டுள்ளார். தம் இனத்தின் குற்றத்தைத் தம் இனத்துப் பிள்ளைக்கு அவ்வாறு கூறிய சிறுவர் நூல்கள் அக்காலத்தில் மிகுதியாக இருந்திருக்க முடியாது. மறுபுறம், வெட்கப்படுபவர் மௌனஞ் சாதிக்கும்போது பாதிக்கப்பட்டவர் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றனர் என்பதும் உண்மை. அந்த அத்தியாயத்தை மெக்சிக்கோப் பழங்குடிப் பிள்ளை ஒன்று படிக்குமாயின், வாய்மூடி நிற்கும் உரிமை ஆசிரியருக்கு யார் தந்தது என அது கேட்கக்கூடும்.

இவ்வினா இங்குள்ளவர்க்கு ஏட்டு வினாவன்று. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெண்ணிறக் கட்டடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லும் எந்தப் பெற்றோரும், அதன் பழைய நூல்கள் எங்கே என்னும் கேள்வியைத் தப்பிவிட முடியாது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு மூண்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன என்பதைப் பெரியோர்க்குச் சொல்வது எளிது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்வது, யார் செய்தார்கள் என்பதை எவ்வாறு சொல்வது, சொன்ன பின்னர் அப்பிள்ளை அயல் இனத்துப் பிள்ளையை எந்தக் கண்ணாற் பார்க்கும் என்பன கடினமானவை. கொம்பிறிச்சின் வழி இங்குப் பாதித் துணையே தரும். குற்றம் செய்த தரப்பிலிருந்து பேசுபவர்க்கு 'நாம்' என்னும் சொல் நேர்மையின் அடையாளமாகின்றது. இழந்த தரப்பிலிருந்து பேசுபவர் அச்சொல்லை அவ்வளவு இலகுவாக எடுத்தாள முடியாது. ஆனால் இழந்த தரப்புக்கும் சொல்ல வெட்கப்படும் பக்கங்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கூறும்போது, அந்த 'நாம்' தேவைப்படுகின்றது. இரு நிகழ்ச்சிகளையும் ஒரே பிள்ளைக்கு ஒரே நூலிற் சொல்லத் துணியும் ஆசிரியரே கொம்பிறிச்சைக் கடந்து சென்றவராவார்.

கொம்பிறிச்சும் தம் மௌனங்களோடு நின்றுவிடவில்லை. நாசி ஆட்சியினர் அந்நூலைச் சமாதான நோக்கு மிகுந்ததெனத் தடைசெய்தனர். யூத வழிவந்த அவர் 1936இல் இங்கிலாந்து சென்றார். ஐம்பது ஆண்டுகளின் பின், 1985இல், ஜேர்மன் மொழியில் நூல் மீண்டும் வெளியானபோது இறுதியில் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார். அறிவொளிக் காலம் பற்றி இளமையில் எழுதியபோது, மதத்தின் பெயரால் துன்புறுத்தலும் சித்திரவதையும் இனித் திரும்பா எனத் தாம் நம்பியதையும், அவை திரும்பியதையும் அதிற் கூறுகின்றார். யூதர் படுகொலையையும் அணுகுண்டையும் தவிர்க்கவில்லை. முதல் உலகப்போரின் முடிவில், அமெரிக்க ஜனாதிபதி வில்சன் அளித்த வாக்குறுதிகளை நம்பித் தோல்வியுற்ற நாடுகள் ஏமாந்தன எனத் தாம் எழுதியது பிழை என்பதையும் எடுத்துரைக்கின்றார். அக்காலத்தில் வாழ்ந்தவர் என்பதாலேயே, எல்லோரும் நம்பியதை அவர் ஆராயாமல் எழுதிவிட்டார். நூலின் உள்ளே பிழையும், ஈற்றிலே அதன் திருத்தமும் ஒருங்கே உள்ளன.

வேறெந்தச் சிறுவர் வரலாற்று நூலுக்கும் இல்லாத பெறுமதியை இந்நூலுக்கு அளிப்பது இவ்வமைப்பே. பதிப்புக்குப் பதிப்பு பாடநூல்களும் திருத்தப்படுகின்றன. ஆயின் பழைய பக்கம் சத்தமின்றி மறைய, புதிய பக்கம் என்றும் அங்கேயே இருந்ததுபோல அமர்ந்துகொள்கின்றது. பிள்ளை திருத்தத்தைக் காண்பதில்லை. எனவே அச்சிலிருப்பது பிழையாகலாம் என்பதையும் அறிவதில்லை. கொம்பிறிச்சைப் படிக்கும் பிள்ளையோ, தனக்கு இவ்வளவு நேரமும் கதை சொன்ன பெரியவர் முதியவராகித் திரும்பி வந்து, தாம் சொன்னதில் இன்னது சரியன்று எனக் கூறக் காண்கின்றது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இலேதான் வெளிவந்தது. அதனைத் திருத்திக்கொண்டிருந்தபோதே 2001இல் அவர் காலமானார். அதே 2005இல் மார்ஷல் அம்மையாரின் நூலும் இங்கிலாந்திற் புத்துயிர் பெற்று மறுபதிப்பாயிற்று என்பது சுவையான செய்தி. நூற்றாண்டுக்கு முந்திய அக்கதைகளைப் பள்ளிகளுக்கு வழங்கியோர், பிள்ளைகள் தேச வரலாற்றை மறந்துவிட்டனர் எனக் கவலைப்பட்டனர். எத்தகைய வரலாற்றை என்று அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

இத்தகைய நூலொன்று ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு எழுதப்படுவதற்கு மூலப்பொருள் இல்லை என்று கூற முடியாது. நேருவின் கூழாங்கல்லுக்கு நிகராக, 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்வில் ஈமக்குழி ஒன்றிலிருந்து கிடைத்த சிறு முத்திரையைக் காட்டலாம். மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்துக்கள். எழுத்தை வாசிக்க முடிகின்றது, குறியீட்டை வாசிக்க முடியவில்லை. கொளுத்திய கடதாசி எட்டும் ஆழமும் எட்டாத ஆழமும் அந்தச் சிறு பொருளிலேயே தெரிகின்றன. கதை வேண்டுமெனின் எல்லாளன் இருக்கிறான். கன்றை இழந்த பசு மணியை அடிக்க, தன் மகனையே தேர்க்காலிலிட்ட அரசனாக அவனைக் கூறுவது பாளியிலுள்ள மகாவம்சம். அதே கதையைத் திருவாரூர்ச் சோழன்மேல் ஏற்றிக் கூறுவது பெரியபுராணம்; சிலப்பதிகாரத்திலும் அதன் குறிப்பு உண்டு. ஒரே பசு, ஒரே மணி, இரண்டு நாடுகள். இது உண்மையில் எங்கே நடந்தது என்று பிள்ளை கேட்கும். நடந்ததா என்றுங் கேட்கும். பகைவனாக வந்த அரசனைப் பற்றி இக்கதையை எதிர்த்தரப்புப் பிக்கு ஒருவர் ஏன் எழுதிவைத்தார் என்பது அதனிலும் நல்ல கேள்வி.

எஞ்சுவது குரல் பற்றிய பிரச்சினை. நேருவும் கொம்பிறிச்சும் 'நீ' என அழைத்துப் பேசுகின்றனர்; தமிழ்ப் பாடநூல்கள் எவரையும் அழைப்பதில்லை. அவற்றின் வாக்கியங்கள் 'ஆளப்பட்டது', 'நிறுவப்பட்டது', 'குறிப்பிடப்படுகின்றது' எனச் செயப்பாட்டு வினையிலே முடிந்து, சொல்பவரையும் கேட்பவரையும் ஒருங்கே ஒளித்துவிடுகின்றன. கொம்பிறிச்சைத் தமிழாக்க முனைபவர் முதல் வரியிலேயே இடர்ப்படுவார். நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளுடைய யாழ்ப்பாண வழக்கில், பிள்ளையை அன்போடு 'நீங்கள்' என்று அழைக்கும் வீடுகளும் உள. 'நீ' என்று அழைக்கும் வீடுகளும் உள. பாட்டனார் ஒருவர் திண்ணையிலிருந்து பேரப்பிள்ளைக்குச் சொல்லும் 'நீ'யே இந்நூலுக்கு மிக அண்மையானது. அந்தச் சொல்லை அச்சிலே கேட்கச் செய்ய, மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோர் அத்தியாயத்தையும் கொம்பிறிச் செய்ததுபோல் முதலில் ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.